முப்பது நாள், ஒரு நோட்டு, ஒரு நாவல்!



இந்த ஆண்டு மலருக்கு ஒரு கவிதை எழுதிக் கொடு என்றுதான் யூனியன் செயலாளர் அண்ணன் என்னிடம் கேட்டார். எனக்குக் கவிதை வராது. நிலா, மழை, காதல் எல்லாம் போன வருட மலரிலேயே தீர்ந்துபோச்சு! அதனால் நான் செய்து பார்த்த ஒரு காரியத்தைப் பற்றிக் கட்டுரை தருகிறேன் என்றேன். "என்ன காரியம்?" என்று கேட்டார். "ஒரு மாசத்துல ஒரு நாவல் எழுதினேன் அண்ணா" என்றேன். அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. சிரித்து முடித்ததும் இதைப் படியுங்கள்.

நம் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது முப்பது நாளில் ஒரு நாவல் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத்தாளர் ஆவதற்காக இல்லை. நமக்காக. இதுதான் என் தாழ்மையான கருத்து. டிப்ளமோ படிக்கிற நமக்கு நாவல் எதுக்கு என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே ஆரம்பித்தது?

1999-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞர் தன் நண்பர்களைக் கூட்டினார். மொத்தம் 21 பேர். "ஒரே மாதத்தில் ஆளுக்கு ஒரு நாவல் எழுதுவோம்" என்று பேசிக்கொண்டார்கள். யாரும் பெரிய எழுத்தாளர் கிடையாது. அந்த 21 பேரில் முடித்தவர்கள் 6 பேர்தான். ஆனால் முடிக்காதவர்களுக்கும் அது பிடித்துப்போனது. அடுத்த ஆண்டு நவம்பர் மாதத்துக்கு மாற்றினார்கள். 2000-இல் சுமார் 140 பேர் சேர்ந்தார்கள். அப்புறம் அது 'நேஷனல் நாவல் ரைட்டிங் மன்த்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போய், லட்சக்கணக்கானவர்கள் எழுதும் இயக்கமாகவே ஆகிவிட்டது.

விதி ரொம்பச் சுலபம். 30 நாளில் 50,000 சொற்கள். ஒரு நாளைக்கு 1,667 சொற்கள். நன்றாக இருக்கிறதா, பிழை இருக்கிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். பரிசுப் பணம் இல்லை. முடித்தவர் எல்லாருமே ஜெயித்தவர். அப்படி எழுதிய முதல் பிரதியைப் பிறகு பொறுமையாகத் திருத்திப் புத்தகமாக்கி, புகழ் பெற்றவர்களும் உண்டு. சாரா குருயன் எழுதிய 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' (2006), எரின் மார்கன்ஸ்டெர்ன் எழுதிய 'தி நைட் சர்க்கஸ்' (2011) இரண்டும் இப்படி ஆரம்பித்தவைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை நடத்திய அமைப்பு இப்போது இல்லை. சிறுவர் பாதுகாப்பு பற்றி 2023-இல் புகார்கள் வந்தன. செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதுவது பற்றி 2024-இல் அவர்கள் சொன்ன கருத்து பல எழுத்தாளர்களைக் கோபப்படுத்தியது. பணக் கஷ்டமும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச் கடைசியில் மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அமைப்பு போனால் என்ன? ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருந்தால் செய்யக்கூடிய காரியத்துக்கு அமெரிக்காவில் ஆபீஸ் எதற்கு?

தமிழனுக்கு இது புதுசா?

கெடு வைத்து எழுதுவது நமக்குப் புதுசே இல்லை. கல்கி 1950-இல் தொடங்கி 1954 வரை வாரா வாரம் எழுதியதுதான் 'பொன்னியின் செல்வன்'. வாரம் பிறந்தால் அத்தியாயம் போயாக வேண்டும். மூன்றரை வருஷம் வாசகர்கள் காத்திருந்தார்கள். 1980, 90-களில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக் கடை, ரயில்வே ஸ்டால் எல்லாவற்றிலும் மாத நாவல்கள் தொங்கிக்கொண்டிருந்ததை நம் அம்மா அப்பா வயதுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த வேகத்தில் எழுதிய ராஜேஷ்குமாருடைய நாவல்களின் எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டிவிட்டது! ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை தினம் ஒரு அத்தியாயம் என்று மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 26 நாவல்களாக எழுதி முடித்தார்.

ரஷ்யாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1865-இல் தஸ்தயேவ்ஸ்கி கடன் தொல்லையில் ஒரு பதிப்பாளரிடம் மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது வருஷம் அவர் எழுதுவதையெல்லாம் அந்தப் பதிப்பாளர் காசு கொடுக்காமலே போட்டுக்கொள்ளலாம். அக்டோபர் மாதம் பிறந்துவிட்டது. கையில் ஒரு பக்கம்கூட இல்லை. அப்போது சுருக்கெழுத்து படித்த அன்னா என்ற இருபது வயதுப் பெண் வேலைக்கு வந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுத, 26 நாளில் 'சூதாடி' நாவல் முடிந்தது. அடுத்த ஆண்டு அவர்களுக்குக் கல்யாணமும் ஆனது! கமர்ஷியல் பிராக்டிஸ் பிரிவுத் தோழிகளே, ஷார்ட்ஹேண்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்!

டெக்னிக்கல் படித்தவனுக்குக் கதை வராது என்பதும் பொய். சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எஞ்சினியர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. பாலகுமாரன் டிராக்டர் கம்பெனியில் வேலை செய்துகொண்டே எழுதியவர். அவருடைய 'இரும்பு குதிரைகள்' லாரிகளின் உலகத்தைச் சொல்லும் நாவல். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தினமும் தாண்டி வருகிற நமக்கு, அதில் ஒரு கதைகூடவா கிடைக்காது?

நான் எழுதிய கதை

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவதைத் தாண்டியவள் நான். அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. படகில் ஏறினால் பத்து நாள், பதினைந்து நாள் வீட்டுக்கு வரமாட்டார். அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூரில் கூடை வைத்து விற்கிறார். ஆயா, தம்பி, நான். ஒரே ரூம். அதில் ஒரு மூலைதான் என் படிப்பு அறை, அதுவும் யாரும் படுக்காத நேரத்தில் மட்டும்.

கடலோரத்துப் பிள்ளைகளுக்குத் தடைக்காலம் என்றால் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையைப் பின்னுவார்கள். வருமானம் இல்லாத காலம், ஆனால் வேலை இல்லாத காலம் இல்லை. 2025-ஆம் ஆண்டு தடைக்காலத்தில்தான், பரீட்சை முடிந்து நானும் கரையேறி உட்கார்ந்திருந்தபோது, கிளை நூலகத்தில் ஒரு அக்கா மூலம் இந்த முப்பது நாள் விஷயத்தைக் கேள்விப்பட்டேன். அதை நடத்திய அமைப்பு மூடிவிட்டது என்றும் அதே அக்காதான் சொன்னார். மூடிய கடைக்கு நான் போணி பண்ணினேன்!

முதலில் கணக்குப் போட்டேன். 50,000 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழில் 'வந்துகொண்டிருந்தேன்' என்பது ஒரே சொல். அதை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று சொல் வேண்டும். அதனால் தமிழுக்கு 30,000 போதும், நாளைக்கு 1,000 என்று வைத்துக்கொண்டேன். என் கையெழுத்தில் லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கத்துக்கு 150 சொல் வந்தது. ஆக, ஒரு நாளைக்கு ஏழு பக்கம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் ஒரு 192 பக்க நோட்டும், இரண்டு பேனாவும் வாங்கினேன். மே 10-ஆம் தேதி ஆரம்பித்தேன்.

நேரம் எப்போது? அம்மா ஏலத்துக்குக் கிளம்பும்போது நானும் எழுந்துவிடுவேன். அந்த ஒன்றரை மணி நேரம் என்னுடையது. லைட் போட்டால் ஆயா திட்டுவார் என்று வாசற்படியில் தெரு விளக்கில் உட்கார்ந்து எழுதினேன். காலையில் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலையைத் தம்பியிடம் தள்ளினேன். "நீ கதை எழுத நான் தண்ணி தூக்கணுமா?" என்று முதல் வாரம் முழுவதும் சண்டை. கதையில் அவன் பெயரில் ஒரு பையன் வருகிறான், கடைசியில் அவன்தான் படகை ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று சொன்னதும் சமாதானம்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் 30,000-ஐத் தொடவில்லை. முப்பது நாளில் ஆறு நாள் எழுதவே இல்லை. இரண்டு நாள் காய்ச்சல், ஒரு நாள் சொந்தக்காரர் கல்யாணம், மூன்று நாள் வெறும் சோம்பேறித்தனம். ஜூன் 8-ஆம் தேதி எண்ணிப் பார்த்தால் 144 பக்கம். ஏறக்குறைய 21,600 சொல். அமெரிக்கக் கணக்குப்படி நான் தோற்றவள். ஆனால் கதைக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் 144 பக்கம் நானாக யோசித்து எழுதியது அதுவே முதல் தடவை. அதுவரை நான் எழுதியதெல்லாம் பார்த்து எழுதியதும், மனப்பாடம் பண்ணி எழுதியதும்தானே!

கிடைத்த பலன்கள்

ஒன்று, வெள்ளைத்தாள் பயம் போனது. நமக்கு எழுத்து என்றாலே சிவப்பு மைதான் ஞாபகம் வரும். ஒரு வரி எழுதி, தப்பாக இருக்குமோ என்று அடித்து, மறுபடி எழுதி, அதற்குள் பெல் அடித்துவிடும். இந்த முப்பது நாளில் அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, முன்னால் மட்டுமே போக வேண்டும். முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எடுத்த எடுப்பில் யாராவது ஸ்மூத் ஃபைல் போடுவோமா? முதலில் ரஃப் ஃபைல் போட்டுத் தள்ள வேண்டும், அளவு வந்த பிறகுதான் மெருகு. எழுத்தும் அப்படித்தான். இந்த ஒரு பாடத்தை நான் தமிழ் வகுப்பிலோ ஆங்கில வகுப்பிலோ கற்கவில்லை, வாசற்படியில் கற்றேன்.

இரண்டு, நேரம் எங்கே போகிறது என்று தெரிந்தது. நேரமே இல்லை என்று எல்லாரும் சொல்கிறோம். ஏழு பக்கம் எழுதியே ஆக வேண்டும் என்று ஒரு கெடு வந்த பிறகுதான் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே எத்தனை மணி நேரம் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குக் கணக்குப் பாடத்தில் ஒரு அரியர் இருந்தது. நாவல் எழுதியதால் பாஸ் ஆனேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதே வாசற்படி, அதே ஒன்றரை மணி நேரம், தினம் ஏழு பக்கத்துக்குப் பதிலாக ஐந்து கணக்கு என்று உட்கார்ந்தேன். அடுத்த பரீட்சையில் அரியர் முடிந்தது. மொத்தமாகப் பார்த்தால் மலை, தினம் இவ்வளவு என்றால் படிக்கட்டு.

மூன்று, என் அப்பாவை எனக்குத் தெரிந்தது. இதுதான் பெரிய பலன். என் கதையில் நடுக்கடலில் ஒரு படகின் இன்ஜின் நின்றுவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை! மீனவன் மகள், பதினெட்டு வருஷம் அந்தக் காசில் சாப்பிட்டவள், இன்ஜின் நின்றால் படகில் என்ன நடக்கும் என்று தெரியாது. அப்பா வலை ஊசியை வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். முதலில், "இன்னாத்துக்கு இதெல்லாம் உனுக்கு? படிக்கிற வேலையப் பாரு" என்றார். எழுதிய பக்கத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு நிமிஷம் கேட்டவர், "அப்டிலாம் கத்திக்கினு இருக்கமாட்டோம் கண்ணு. இன்ஜின் நின்னா மொதல்ல எல்லாரும் கம்முனு ஆயிடுவோம்" என்றார். அப்புறம் பேசினார், பேசினார், சாயங்காலம் வரை பேசினார். வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகைக் கூப்பிடுவது, கயிறு கட்டி இழுத்துவருவது, ஐஸ் கரைந்து மீன் கெட்டுப்போனால் அந்தத் தடவை பங்கு கிடைக்காமல் கடனோடு திரும்புவது, எல்லாம். என் அப்பா என்னிடம் ஒரே நாளில் அவ்வளவு பேசியது அதற்கு முன்னால் கிடையாது. நான் கத்துகிற சீனை எடுத்துவிட்டு, எல்லாரும் 'கம்முனு' இருக்கிற சீனை எழுதினேன். அதுதான் அந்த நாவலிலேயே நல்ல பக்கம்.

நான்கு, மனசில் இருந்த பாரம் இறங்கியது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்ததே, மறந்திருக்கமாட்டீர்கள். எண்ணூர் பக்கம் குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் ஃபைபர் படகும் வலையும் கறுப்பாகிவிட்டன. ஆட்கள் மக்கிலும் பக்கெட்டிலும் எண்ணெயை அள்ளினார்கள். நான் அப்போது முதலாம் ஆண்டு. அந்த வாடை என் மூக்கைவிட்டுப் போகவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். நாவலில் அந்த வெள்ளம் வந்த இடத்தில் எட்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது அழுதேன். எழுதிய பிறகு தூக்கம் வந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1986-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிஷம், மனசைப் பாதித்ததை எழுதச் சொன்னார். உணர்ச்சியோடு நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்திருந்ததாம். எழுத்து மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடிவைத்ததைத் திறந்தால் காற்று வரும்.

ஐந்து, நம் கதையை நாமே சொல்லும் தைரியம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

மனு எழுதத் தெரியாத மாணவி

அந்த எண்ணெய் வந்த சமயம் நிவாரணப் பட்டியலில் சித்தப்பா பெயர் விட்டுப்போனது. "பாப்பா பாலிடெக்னிக் படிக்குது, அது எழுதும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தேன். 'அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த ஒருத்தர் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அதில் சித்தப்பாவைப் படகு வைத்திருப்பவர் என்று எழுதாமல் கூலித் தொழிலாளி என்று எழுதியிருந்தார். எங்களில் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. நானும்தான். என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நாவல் எழுதி முடித்த பிறகு, சென்ற ஆகஸ்டில், நானே கேட்டு வாங்கி அந்த மனுவைத் திரும்ப எழுதினேன். எந்தத் தேதி, எந்த இடம், படகு யாருடையது, வலை எத்தனை, எத்தனை நாள் தொழில் இல்லை என்று வரிசையாக இரண்டு பக்கம். எது முதலில் வர வேண்டும், எது அப்புறம் என்று யோசிக்கும்போதுதான் புரிந்தது, இதைத்தானே முப்பது நாள் செய்தோம்! யாருக்கு, எப்போது, எங்கே, என்ன நடந்தது. நாவலுக்கும் மனுவுக்கும் அஸ்திவாரம் ஒன்றுதான். மனு கொடுத்தோம், ரசீது வாங்கினோம். பணம் இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. ஆனால் எழுதியது தப்பு என்று இந்தத் தடவை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஐந்து பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரிடமும் 100 ரூபாய் வாங்கவில்லை, ஒரு தடவை மட்டும் வஞ்சிரம் கொடுத்தார்கள்!

யோசித்துப் பாருங்கள். நம் ஏரியா என்றால் சினிமாவில் என்ன காட்டுகிறார்கள்? கத்தி, கஞ்சா, ரவுடி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் கிளம்பியது நம் ராயபுரத்தில் இருந்துதான். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அதன் சாம்பலைச் சுவாசித்தவர்கள் யார்? 2017 ஜனவரியில் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது கையால் அள்ளியவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தாத்தாக்கள், ஃபேக்டரியில் ஷிப்ட் பார்த்த மாமாக்கள், இறால் உரித்த அத்தைகள், இவர்கள் கதையை எவரோ வந்து எழுதுவார் என்று காத்திருந்தால் திரும்பவும் ரவுடி கதைதான் வரும். சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்த தமிழ்ப்பிரபா 2018-இல் 'பேட்டை' என்று தன் பேட்டையைத் தானே எழுதினாரே! நாமும் எழுதலாம்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"கதை எழுதினால் சோறு வருமா?" வராது. நான் படித்து முடித்து வேலைக்குத்தான் போகப்போகிறேன். முடிந்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேருவேன். கிரிக்கெட் ஆடுகிற எல்லாரும் இந்தியா டீமுக்கா போகிறார்கள்? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் இடம் கிடைப்பதில்லையே!

"அவசரத்தில் எழுதினால் குப்பைதானே வரும்?" ஆமாம், நிறைய குப்பை வரும். என் 144 பக்கத்தில் நூறு பக்கம் குப்பைதான். ஒரு பாத்திரத்தின் பெயரையே நடுவில் மறந்து மாற்றி எழுதியிருக்கிறேன். ஆனால் மீதி 44 பக்கம் எங்கிருந்து வந்தது? அந்த நூறு பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனதால்தான் வந்தது. வலையில் வருவதெல்லாம் வஞ்சிரமா? கழித்துப்போட்ட பிறகுதான் கூடைக்கு வருகிறது.

"இப்போதுதான் போனில் கேட்டால் செயற்கை நுண்ணறிவே நாவல் எழுதித் தருகிறதே?" இந்தக் கேள்வியை என் வகுப்புத் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் அப்பாவும் நைலான் வலையைக் கடையில்தான் வாங்குகிறார், முழு வலையையும் கையால் பின்னுவதில்லை. ஆனால் நடுக்கடலில் வலை கிழிந்தால் கடைக்காரர் வருவாரா? அங்கே கையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான். மனு எழுதும் மேஜையில், வைவா நடக்கும் அறையில், இன்டர்வியூவில் 'உன்னைப் பற்றிச் சொல்' என்று கேட்கும்போது, நம் வாயில் இருந்து நம் சொல்தான் வர வேண்டும். போன் எழுதிய நாவலில் என் அப்பா 'கம்முனு' உட்கார்ந்திருக்கமாட்டார். கத்திக்கொண்டுதான் இருப்பார்.

"பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலைக்கு நடுவே இது முடியுமா?" கஷ்டம்தான். எனக்கும் ஒரு தம்பி தண்ணீர் தூக்கியதால்தான் முடிந்தது. அதனால் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அக்கா தங்கச்சிக்கு முப்பது நாள், தினம் ஒரு மணி நேரம் வாங்கிக் கொடுங்கள். அது நீங்கள் கொடுக்கும் பெரிய சீர்.

யூனியனுக்கு ஒரு கோரிக்கை

நம் மாணவர் யூனியன் ஸ்போர்ட்ஸ் டே நடத்துகிறது, கோலப்போட்டி, பேச்சுப்போட்டி நடத்துகிறது. அதோடு இதையும் சேர்க்க வேண்டும் என்று இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கக்காரர்கள் வைத்த நவம்பர் மாதம் நமக்கு ஒத்துவராது, செமஸ்டர் பரீட்சை சமயம். வரும் ஏப்ரல் பரீட்சை முடிந்த மறுநாளில் இருந்து 30 நாள் என்று வைக்கலாம். படகுகள் கரையில் இருக்கும் காலம், நாமும் கரையில் இருக்கும் காலம்.

பெயர் கொடுப்பவர்களுக்கு யூனியன் நிதியில் ஆளுக்கு ஒரு 192 பக்க நோட்டு. தினம் 1,000 சொல் முடியாதவர்களுக்கு 500. தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, உருது, எந்த மொழியும் சரி. நம் பேச்சு வழக்கில் எழுதினாலும் சரி. வாரம் ஒரு நாள் எல்லாரும் ஓரிடத்தில் கூடிப் பக்கக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்துக்காகவே பாதிப் பேர் எழுதிவிடுவார்கள்! முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். முடித்தவர்களுக்கு எல்லாம் சான்றிதழ், முடிக்காதவர்களுக்கு டீ, பிஸ்கட். கடைசி நாளில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் படிக்க வேண்டும். அதைக் கேட்க நம் அம்மா அப்பாக்களை அழைக்க வேண்டும். படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு, மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு, தினம் ராத்திரி நான் இரண்டு பக்கம் படித்துக் காட்டினேன். தூங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் எழுதாமல் படுத்துவிட்டேன். "இன்னிக்கி அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டார். அதைவிடப் பெரிய கெடு எனக்கு எவரும் வைத்ததில்லை. எழுந்து எழுதினேன்.

நண்பர்களே! ஜூன் 14 நள்ளிரவு தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பியபோது அப்பாவை வழியனுப்பக் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். படகில் ஏறும் முன் அப்பா, "அந்தக் கதய மறுபடி ஒரு தபா எழுதும்மா. அந்த ஐஸு மேட்டர நான் சரியா சொல்லல, வந்து சொல்றேன்" என்றார். அவர் வந்து சொன்னார். நான் இப்போது இரண்டாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நோட்டு எங்கள் வீட்டில், ரேஷன் கார்டும் ஆதார் கார்டும் இருக்கும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அம்மாதான் அங்கே வைத்தார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கட்டும். எழுதுவோம்! முடிப்போம்!

– மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு